குழாய்ப் புகையும் கடைசித் தைலமும்

மில் வேலை ஓயும் காலத்துக்கு ஒரு கைத்தொழில் வேண்டுமென்று, ஐம்பது வயதில் இரும்படிக்கும் கொல்லு வேலை பழகக் கிளம்பினேன். காயலான் கடையில் வாங்கிய தண்டவாளத் துண்டுதான் பட்டறைக் கல். உலைக்குக் காற்று போக, பழைய தண்ணீர்க் குழாயான ஜி.ஐ. பைப்.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து கொல்லையில் நெருப்பு மூட்டினேன். பைப் பழுத்து வெள்ளைப் புகை கக்கியது. மில்லில் பஞ்சுத் தூசியிலேயே இருமி ஓய்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு புகையா என்று துருத்தியை விடாமல் அமுக்கினேன்.

சாயங்காலம் குளிர்ஜுரம் தூக்கிப் போட்டது. நெஞ்சு இறுகியது.

"ஆரோக்கியம், சாமியாரக் கூப்புடு. சாகுறதுக்கு முன்னால கடைசித் தைலம் பூசட்டும். கல்யாணக் கோட்டுலயே என்னப் பொதச்சிடு" என்று மனைவியிடம் அழுதேன்.

"அந்தக் கோட்டு உங்க தொப்பைக்குப் பத்தாது. ஆஸ்பத்திரிக்கு எழுந்திரிங்க."

நடந்ததையெல்லாம் கேட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பைப்பு மேல பூசின துத்தநாகம்யா எரிஞ்சது. அது விஷப்புகை. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா சாமியாரே வந்திருப்பாரு."

எழுந்து நடமாடவே சில நாளாயிற்று. இப்போது உலைக்குப் பூச்சில்லாத கறுப்பு இரும்புதான். கடைக்காரர் மினுங்கும் குழாயை நீட்டினால், "அழகெல்லாம் வேணாண்ணே, ஆளக் கொல்லாததா குடுங்க" என்கிறேன்.