கோழி அடைக்கும் நேரத்து மாத்திரை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வயிற்றுப் பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கோயம்புத்தூரில் மென்பொருள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தாளில் ஆறு கட்டங்கள். என்ன வேண்டும் என்று கேட்பது, வரைந்து பார்ப்பது, செய்வது, சோதிப்பது, கொடுப்பது, கொடுத்த பிறகும் கவனிப்பது. ஒரு புரோகிராம் எப்படி உருவாகிறது என்று கம்ப்யூட்டர் தெரியாத விற்பனைப் பிரிவுக்காரர்களுக்கு விளக்க அவள் எழுதியது.

“படிச்சுப் பாருங்க அப்புச்சி. உங்களுக்குப் புரிஞ்சா யாருக்கும் புரிஞ்சிரும்.”

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று யோசித்தபடியே படித்தேன். சோதிப்பதிலிருந்து கேட்பதற்கு ஒரு வளைந்த அம்புக்குறி திரும்பிப் போயிற்று. அதை எடுத்துவிடும்படி அவளுடைய மேலாளர் சொல்கிறாராம். “ஒரு பட்டன் கேட்டோம், அதுக்கு ரெண்டு மாசமான்னு ஏற்கெனவே சண்டை. இதுல திரும்பிப் போற அம்பைக் காட்டினா அவ்வளவுதான்” என்றாள்.

தாள் இன்னும் இளஞ்சூடாக இருந்தது, ஆனால் மை வாசனை இல்லை. எனக்கு அச்சடித்த தாள் என்றால் மண்ணெண்ணெயும் மையும் கலந்து மணக்கவேண்டும். சேந்தமங்கலத்து அச்சுக்கூடம் அப்படித்தான் மணக்கும். அந்த வாசனையைத் தேடிப்போனால், கொல்லிமலையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது போட்ட ஒரு மாத்திரைச் சீட்டில் வந்து நிற்கிறேன்.

எனக்குத் தேதிப் பைத்தியம் உண்டு. அன்றைய குறிப்பேட்டில் கிழமை, மழை, நடந்த தூரம் எல்லாம் இருக்கின்றன. ஆண்டு எழுதிய மூலையை மட்டும் பூச்சி தின்றுவிட்டது. பஸ் மலையேறாத காலம். சேந்தமங்கலத்தில் இறங்கி, அடிவாரம் போய், நடந்துதான் ஏறுவோம். அதை வைத்து அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள், எனக்கே வருத்தமாக இருக்கிறது.

செம்மேட்டில் ஒரு சிறிய மருந்தகம், ஒரு டாக்டர், ஒரு குமாஸ்தா. மழைக்காலம் பிறந்தால் குளிர்காய்ச்சல். அதற்குக் கொய்னா மாத்திரை (குயினைனை அப்படித்தான் சொல்வோம்), ஒரு நாளைக்கு மூன்று வேளை. மலைக்காரர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைவு என்பதால் படம் போட்ட சீட்டு ஒன்று வேண்டும் என்றார் டாக்டர்.

“மூணு படம், ரெண்டு நாள் வேலை. உடனே அச்சுக்கு அனுப்பிருய்யா.”

நானும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எகிப்தியர் சூரியனை வரைந்த விதம் பற்றியெல்லாம் படித்திருந்தவன் நான். ஒரு சீட்டுக்கு எவனைக் கேட்கவேண்டும்? இரண்டு மலைகளுக்கு நடுவே எழும் சூரியன், உச்சிச் சூரியன், இறங்கும் சூரியன். கதிர்களுக்கு அடிக்கோல் வைத்துக் கோடு போட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, “காலண்டர் மாதிரி இருக்குய்யா” என்றார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

அச்சுக்கூடத்தில் மரக்கட்டையில் படம் செதுக்குபவர் வீட்டில் கல்யாணம். வேலை பத்து நாள் தள்ளிப்போயிற்று. அதுவரைக்கும் என்று கையால் பத்துச் சீட்டு வரைந்து, பள்ளத்தில் இருந்த ஒரு சிற்றூரின் பத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். பேத்தி இதைத்தான் நான்காவது கட்டத்தில் பெரிய சொல் போட்டு எழுதியிருக்கிறாள். எங்களுக்கு அது யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தால் வாய்த்தது.

அடுத்த சந்தையன்று பாவாயி வந்தாள். அந்தப் பத்து வீட்டில் ஒரு வீட்டுக்காரி. இடுப்பில் ஐந்து வயது மகள், தலை தோளில் சரிந்து கிடந்தது. மாத்திரைப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

“இது வேண்டாமுங்க. புள்ளைக்குக் காதுக்குள்ள வண்டு கத்துதாம். கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது. தின்னதெல்லாம் வாந்தி. எங்கூர்ல பத்து ஊடும் நிறுத்தியாச்சுங்க.”

டாக்டர் சீறினார். “சீக்கிரம் தீரட்டும்னு சேத்துச் சேத்துக் குடுத்திருப்பே.”

“எண்ணிப் பாருங்க சாமி.”

எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை, கூடவில்லை. குழந்தையைத் தொட்டேன், காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. மாத்திரையை நிறுத்தினால் அது தாங்காது. டாக்டருக்கும் அது தெரியும். “நீ போய் என்னதான் நடக்குதுன்னு பாத்துட்டு வாய்யா” என்றார், குரலைத் தாழ்த்தி.

அவளோடு நடந்தேன். வழியெல்லாம் பலாப்பழ வாசனை. இப்போதும் பலாப்பழம் மணந்தால் எனக்குக் கால் வலிக்கும். ஊருக்குள் இறங்கும்போது வெயில் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

“சாயங்கால மாத்திரை எப்பக் குடுப்பீங்க?”

“இப்பத்தானுங்க. சூரியன் மலைக்குப் பின்னால போயிருச்சே.”

“காலையில?”

எதிர்மலையின் பாறை ஒன்றைக் காட்டினாள். “அதுக்கு மேல சூரியன் வர்றப்பங்க.”

அன்று அந்த ஊரில் தங்கினேன். காலையில் பனி விலகி, கஞ்சி காய்ச்சி, ஆட்கள் பாதிக் காட்டைக் கொத்திய பிறகு, ஒன்பதே காலுக்குப் பாறைமேல் சூரியன் வந்தது. என் படத்தில் இருந்தது போலவே, இரண்டு மலைகளுக்கு நடுவே! ஒரு நாள் முழுவதற்குமான மருந்தை ஆறரை மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பாவாயி என் சீட்டை அச்சுப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள்.

விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்கூர்ல சூரியன் வெள்ளெனவே எந்திரிச்சுருமுங்களா?”

பிறகு அவளே சொன்னாள். “கோழியத் தொறந்து உடறப்ப ஒன்னு, கஞ்சி குடிக்கறப்ப ஒன்னு, கோழிய அடைக்கறப்ப ஒன்னு. இதுக்கு எதுக்குங்க சூரியன்?”

குறிப்பேட்டில் கோழி வரைந்து நீட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “இது காக்காயிங்க! காக்காயை யாருங்க கூடையில அடைப்பா?” அடுப்புக்கரி படிந்த விரலைத் தாளில் ஊன்றி, “இங்க கொண்டை போடுங்க” என்றாள். மூன்றாவது தடவைதான் அது கோழியாயிற்று. ஒரு நாள் விட்டு, அந்த நேரப்படி மகளுக்கு மாத்திரையை மறுபடி தொடங்கச் சம்மதித்தாள். “திரும்ப வண்டு கத்துனா உங்களை உடமாட்டேன்” என்றும் சொன்னாள்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “மருந்துச் சீட்டுல கோழியா? பாக்கறவன் சிரிப்பான்யா.” ஆனால் அச்சை நிறுத்திவைத்தார். அடுத்த சந்தைக்கு அந்தக் குழந்தை நடந்தே வந்தது. வாசலில் அதைப் பார்த்தவர், அது முதுகு காட்டி நின்றபோது மெதுவாக, “ஏ கண்ணு” என்றார். திரும்பிப் பார்த்தது. அவர் உள்ளே வந்து என் கோழிப்படத்தில் கையெழுத்துப் போட்டார். பத்து வீடும் மாத்திரைக்குத் திரும்பின.

அச்சடித்துக் கொடுத்த பிறகும் ஒருவர் வந்து, எங்கள் வீட்டில் கோழியே இல்லையே என்றார். பாவாயிதான் பதில் சொன்னாள்: “பக்கத்து ஊட்டுக் கோழியப் பாத்துக்குங்க.”

இதைக் கேட்ட பேத்தி பேனாவை எடுத்து, திரும்பிப் போகும் அந்த அம்புக்குறியை இன்னும் தடிப்பாக்கினாள். மேலாளரிடம் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

இப்போது பஸ் செம்மேடு வரை போகிறது. மருந்தகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. அச்சுக்கூடம் போய்விட்டது, மரக்கட்டை போய்விட்டது, கொய்னா போய்விட்டது. அந்தக் காய்ச்சலும் அங்கே போய்விட்டது என்கிறார்கள். அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அச்சடித்த சீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குறிப்பேட்டின் அந்தப் பக்கம் மட்டும் இருக்கிறது. ஆண்டைத் தின்ற பூச்சி, கொண்டை இல்லாத காக்கையையும் அதன் தலைமேல் இருக்கும் கரிவிரல் தடத்தையும் தொடவில்லை.