தண்ணீர் மேல் டார்ச் அடிக்காதீர்கள்

நேற்று பசாரில் ஐஸ் மேல் கிடந்த சியாகாப் மீன் ஒன்று என்னைப் பார்த்தது. கொடுவா என்பார்களே, அதுதான் எங்கள் பினாங்கில் சியாகாப். கண் வெளுத்துப்போய், பழைய சட்டைப் பொத்தான் போல இருந்தது. அந்தக் கண்ணை நீங்கள் உயிரோடு, இருட்டில் பார்க்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அடுப்புக் கங்கு மாதிரி சிவக்கும். அதனால் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

மேரி அக்கா, நான் முதன்முதலில் வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கணக்குக் கிராணி. சனிக்கிழமை மாலை ஆனால் நிபோங் திபாலுக்குப் புறப்பட்டுவிடுவார். அங்கே செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், மணல் அள்ளிய பெரும்பள்ளம் ஒன்று ஏரியாகிக் கிடந்தது. ஆறு பெருகியபோது உள்ளே வந்த சியாகாப்கள், திரும்ப வழியில்லாமல் அங்கேயே கொழுத்துவிட்டன.

என்னிடம் கார் இருந்ததால் எனக்கும் கரையில் இடம் கிடைத்தது. நான் எதிலும் ஒழுங்கு பார்க்கிறவன். தூண்டில் முட்களை அளவு வாரியாக டப்பாவில் அடுக்கிக்கொண்டு போவேன். மீன்கள் அதை மதித்ததே இல்லை. அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு தூண்டில். மீன் மேலே வந்து இரை கவ்வும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தத் திசைக்கு, கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டில், ரப்பர் இரையை வீசுவார். சரியாக அங்கே போய் விழும். அந்தக் கரையில் எல்லாரும் மதித்த கட்டுப்பாடு ஒன்றுதான்: தண்ணீர் மேல் வெளிச்சம் படக் கூடாது.

அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளையின் தாயார்தான் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

“பொம்பளப் புள்ள ராத்திரியில மீன் புடிக்கப் போறதா? கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுடணும்லா.”

“ஒரு தடவ வந்து பாருங்க ஆன்ட்டி. பாத்துட்டும் வேணாம்னு சொன்னீங்கன்னா, கல்யாணமே வேணாம்” என்றார் அக்கா.

ஆன்ட்டி வந்தார். மடியில் ஜெபமாலை, கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு டார்ச். கொசுவத்திப் புகை எங்கே வந்தாலும் எனக்கு அந்த இரவுதான் நினைவு. வெகுநேரம் காத்திருந்தோம். ‘டப்’. அக்கா வீசினார், தூண்டில் வளைந்தது. மீன் கரையை நெருங்கும்போது ஆன்ட்டி ஆவல் தாங்காமல் டார்ச்சை அடித்துவிட்டார். தண்ணீருக்குள் இரண்டு கங்குகள் எரிந்தன.

“மாதாவே! என்னா அது, பேயா?”

மீன் துள்ளியது. தூண்டில் நரம்பு அறுந்தது. “லாம்பு! லாம்பு!” என்று எதிர்க்கரையிலிருந்து ஒரு சீனக் கிழவர் விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்தினார். கல்யாணப் பேச்சு இதோடு சரி என்று நினைத்தேன்.

அக்கா குழையவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்கு உதைக்கிறது என்று முதலாளியிடமே சொல்லும் அதே குரலில், “அணைங்க ஆன்ட்டி. கண்ண விடுங்க, காதால பாருங்க” என்றார்.

இருட்டு திரும்பி வந்தது. தவளைகள் மறுபடி ஆரம்பித்தன. எவ்வளவு நேரமோ, பக்கத்தில் ஆன்ட்டியின் கிசுகிசுப்பு.

“அந்தக் கோரைப் பக்கம். கேக்கல?”

எனக்கும் அக்காவுக்கும் கேட்கவில்லை. அக்கா கோரைப் பக்கம் வீசினார். தூண்டில் வளைந்தது.

கரையேறிய மீனை ஆன்ட்டி இருட்டிலேயே தடவிப் பார்த்தார். “என்னா கனம்டி! அடுத்த சனிக்கெழம எத்தன மணிக்கு?”

மாமியாரும் மருமகளும் அதன்பின் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து போனார்கள். கொசு ஆகாத மாப்பிள்ளை வீட்டில் தூங்கினார். ஆன்ட்டி இப்போது இல்லை. அக்கா தன் மகளோடு சிங்கப்பூரில்.

நேற்று மீனை வாங்காமல், அந்திக்குள் நிபோங் திபால் போய்ச் சேர்ந்தேன். ஏரியைத் தூர்த்து வரிசை வீடுகள் கட்டியிருக்கிறார்கள். கோரை நின்ற மூலையில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தது, தெருவிளக்குகள் எரிந்தன. காரை ஓரமாக நிறுத்தி, முன்விளக்கை அணைத்தேன்.

இருட்டவில்லை.