கரிமருந்து கேட்ட பாண்டிக்காரி

இங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மளிகைக் கடையிலும் பஸ்ஸிலும் நான் ‘பாண்டிச் சேச்சி’, அதாவது தமிழ்நாட்டு அக்கா. கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து இரண்டு வருடமாகியும், அதில் இருப்பது கேலியா பாசமா என்று எனக்குப் பிடிபடவில்லை. துப்பாக்கிக்குக் கரிமருந்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள உரிமம் கேட்டுப் போனபோதுதான் பிடிபட்டது.

என் கணவருக்கு ஆரியசாலையில் மிளகு வியாபாரம். குடியிருப்பதோ பொன்முடி போகும் வழியில், மலையடிவாரத்து மரச்சீனித் தோட்டத்தில். காட்டுப்பன்றி மரவள்ளிக் கிழங்கில் பாதியைக்கூட மிச்சம் வைப்பதில்லை. அம்பாசமுத்திரத்தில் அப்பா வயலில் பன்றி விரட்டும்போது கூடவே நின்று பழகியவள் நான். குழல் வழியாக மருந்தைப் போட்டுக் கம்பியால் கிட்டித்துச் சுடும் அவருடைய துப்பாக்கி, அவருக்குப் பிறகு முறைப்படி என் பேருக்கு மாறி என்னோடு வந்தது. பன்றியைச் சுடப் பஞ்சாயத்து அனுமதியும் கிடைத்தது. மருந்துதான் இல்லை.

உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் இருந்த அதிகாரி என் ஊரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“சிவகாசிக்கு அடுத்தல்லே? படக்கக் கச்சவடமாணோ?”

“பட்டாசு வியாபாரமெல்லாம் இல்ல சார். பன்றி சுட. சிவகாசி எங்க ஊர்லருந்து ரொம்ப தூரம்.”

“எல்லாம் ஒந்நு தன்னே.”

ஒரு மாவட்டத்தையே கையசைத்து அழித்துவிட்டார். மனுவை நீட்டிவிட்டுத் திரும்பினேன். பிறகு ஒரு நாள், மருந்து வைக்கத் தனியாகக் கட்டிய அறையைப் பார்க்க அவரே வந்தார். கணவர் கடைக்குப் போயிருந்தார்.

“முறியில வெள்ளம் உண்டோ?”

“ஐயோ, வெள்ளமெல்லாம் கிடையாது சார். அடைமழையிலகூட ஒரு சொட்டு வராது.”

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். தீயணைக்கத் தண்ணீர் வசதி இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவர் கேட்டது தண்ணீரை என்று அன்று மாலை கணவர் சொல்லித்தான் உறைத்தது; தெரிந்த சொல்தான், அவசரத்தில் ஊர் அர்த்தம் முந்திக்கொண்டது. அறைக்குப் பின்னால் நிரம்பிக் கிடந்த தொட்டியை அந்த மனிதர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுபடி மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த நாளில், பக்கத்துத் தோட்டத்துச் சுகுமாரன் சேட்டனைப் பன்றி முட்டித் தள்ளியது. தொடை கிழிந்து, எலும்பு முறிந்தது. அவருடைய அலறல் கேட்டு நான் துப்பாக்கியோடு ஓடினேன். மருந்தில்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு கத்தத்தான் முடிந்தது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னிடம், “தோக்கு கையில் உண்டாயிட்டும் எந்தா மோளே வெடி வைக்காஞ்ஞது?” என்று கேட்டாள். கையில் துப்பாக்கி இருந்தும் ஏன் சுடவில்லையாம்.

அடுத்த நாளே தம்பானூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்கி நேரே அந்த அதிகாரியின் மேஜை முன்னால் நின்றேன்.

“சார், உங்க வெள்ளம் எங்களுக்குத் தண்ணி. எங்க வெள்ளம் உங்களுக்குப் பிரளயம். தொட்டி நிறைய தண்ணி இருக்கு. இன்னைக்கே வந்து பாருங்க.”

“ஓ, அதாணோ காரியம்!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

“ஒருத்தர் காலொடிஞ்சு படுத்திருக்கார் சார். அவரு பாண்டி இல்ல, உங்க ஊர்க்காரர்தான்.”

சிரிப்பு நின்றது. அந்த வாரமே வந்து பார்த்து உரிமம் கொடுத்தார்கள். ‘உங்க ஊர்க்காரர்’ என்று சொன்னால்தான் வேலை நடக்கும் என்பது உரிமம் கிடைத்த சந்தோஷத்தையும் மீறி இன்றும் கொதிக்கவைக்கிறது.

மருந்து கிட்டித்து நான் முதல் பன்றியைச் சுட்டது ஒரு விடியற்காலையில், சுகுமாரன் சேட்டனின் தோட்டத்தில். வெடிச்சத்தம் கிழக்கே மலையில் முட்டித் திரும்பியது. அந்த மலைக்குப் பின்னால்தான் என் ஊர். அங்கே இருந்தவரை சூரியன் அதற்குள் இறங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது அதன் முதுகிலிருந்துதான் எனக்குப் பொழுது விடிகிறது.