இரண்டு கையும் ஒரு காலும்

தம்பி பால்போத்தலைத் தானாகப் பிடித்துக் குடித்த செய்தி, அன்று கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. மாடி யன்னலில் நின்று கத்தியது நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பா கண்டியில் ஒரு கந்தோரில் கிளாக்கர். சொந்தக்காரர் எல்லாரும் யாழ்ப்பாணத்தில். நாங்கள் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். தம்பி பிறந்து மூன்றாம் மாதம் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் பிடித்தது. கொயினா குடித்தால் விடும். சில நாளில் திரும்பவும் வரும். உடம்பு வற்றிப் பாலும் வற்றிப்போனது. கையைத் தூக்கினால் நடுங்கும். பிள்ளையை மடியில் வைத்திருக்கவே பயந்தார்.

அப்பா ஒரு டின் பால்மாவும், தோணி போல வளைந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றும் வாங்கிவந்தார். அதன் ஒரு முனையில் றப்பர் சூப்பி, மறுமுனையில் றப்பர் மூடி. பகலில் அதைப் பிடிக்க ஆள் வேண்டுமே. "கொஞ்ச நாளைக்குத்தான், பிள்ளை" என்று சொல்லி என் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்.

கொஞ்ச நாள் மூன்று மாதமானது. சிலேட்டை வைத்துவிட்டு மையும் பேனையும் தொடங்குகிற வகுப்பு அது. என்னோடு படித்த ஒருத்தி, நீல மை படிந்த விரல்களைக் காட்டுவதற்கென்றே பின்னேரங்களில் படியேறி வருவாள். என் விரல்களில் பால்மாதான் ஒட்டியிருந்தது.

துணிக்கடைக்காரரின் மனைவிதான் பாலைக் கரைத்துத் தருவார். நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன். ஏழு பிள்ளைகளை வளர்த்தவர்.

"மாமி, இவன் எப்ப தானாப் பிடிப்பான்?"

"ஆறு மாசத்திலயும் பிடிக்கும், பத்து மாசத்திலயும் பிடிக்கும். எண்ட புள்ளைகள் ஒன்டும் எண்ட அவசரத்துக்குப் பிடிக்கல்ல" என்றார் மாமி.

எனக்கோ அவசரம். ஒரு நாள் பாலத்தடியில் யானை குளிப்பாட்டுகிறார்கள் என்று தெருவில் சத்தம் கேட்டது. தம்பியைப் பாயில் கிடத்தி, போத்தலைத் தலையணையில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு யன்னலுக்கு ஓடினேன். யானையின் முதுகைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பின்னால் தம்பிக்குப் புரையேறியது. முகம் சிவந்து கண் பிதுங்கியது. நான் போட்ட கூச்சலில் மாமி படிகளைத் தாவி வந்து, அவனைக் கையில் கவிழ்த்து முதுகில் தட்டினார். பால் வெளியே வந்தது. பிறகு அழுகை வந்தது. அந்த அழுகை எவ்வளவு இனிமையாக இருந்தது!

"பச்சப் புள்ளையப் போத்தலோட தனிய உடுறதா? இனிமே மடியில வெச்சித்தான் குடுக்கணும், கேட்டதா?"

கேட்டது. அதற்குப் பிறகு அவனை விட்டு நான் ஓரடியும் நகரவில்லை. ஆனால் பாடத்தை விடவில்லை. மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு முதலில் நூல்கட்டையைக் கொடுத்தேன், கடித்தான். என் காப்பைக் கொடுத்தேன், எறிந்தான். வெறும் போத்தலைக் கொடுத்தபோது அதால் தன் மூக்கில் தானே அடித்துவிட்டு, நான்தான் அடித்தேன் என்பதுபோல என்னைப் பார்த்து அழுதான். ஒரு தடவை போத்தல் வழுக்கிப் பாயில் விழுந்து உருண்டது. நல்ல காலம், உடையவில்லை. கண்ணாடி வழுக்குவதுதான் குறை என்று கண்டுபிடித்து, அப்பா சப்பாத்துக்குள் போடும் கால்மேசு ஒன்றைக் கழுவிக் காயவைத்துப் போத்தலுக்குச் சட்டையாகப் போட்டேன். மறுநாள் அப்பா ஒற்றை மேசோடு வீடெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் பஸ்ஸைத் தவறவிட்டார்.

இப்படிப் பதினாலு நாள், இரண்டு கிழமை. ஒரு மத்தியானம், மடியில் சாய்ந்து குடித்துக்கொண்டிருந்தவன் இரண்டு கைகளாலும் போத்தலின் மேசுச் சட்டையைப் பற்றினான். அது போதாதென்று ஒரு காலையும் தூக்கி முட்டுக் கொடுத்தான். நான் மெல்ல என் கையை எடுத்தேன். போத்தல் நின்றது. சூப்பியை வெளியே இழுத்து, அதைப் பார்த்துச் சிரித்தான். திரும்பக் கொண்டுபோனான், கன்னத்தில் குத்தியது, பிறகு நாடியில், பிறகு வாயில். நான் அவனை அப்படியே தூக்கிக்கொண்டு யன்னலுக்கு ஓடினேன்.

மாமி வந்தார். கடைக்காரரும் முழக்கோலோடு படியில் நின்று எட்டிப் பார்த்தார். பின்னேரம் அப்பா வந்ததும் மறுபடி ஒரு காட்சி. தம்பி இரண்டு கையும் ஒரு காலுமாகக் குடித்துக் காட்ட, அப்பா சப்பாத்தையும் கழற்றாமல் நின்று கைதட்டினார். "அப்ப நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாம். பகலில மாமி பக்கத்தில இருப்பா" என்றார். நான் குதித்தேன்.

சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்தார். பார்த்தார்; வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, "இஞ்ச தா" என்று தம்பியை வாங்கி மடியில் வைத்தார். அதோடு, அவன் கையிலிருந்த போத்தலையும் வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். கை நடுங்கியது, சூப்பி வாயில் ஆடியது. தம்பி சிணுங்கி, எட்டிப் பிடிக்கப் பார்த்தான்.

"அம்மா, அவனுக்குத் தெரியும். விடுங்கோ!"

"தெரியும் பிள்ளை. நான் கொஞ்சம் பிடிக்கிறன்."

மறுநாள் மூன்று விரல்களில் மையோடு துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அங்கே அம்மாதான் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் பொங்கிவந்தது. "நான் பழக்கினதை எல்லாம் அம்மா பழுதாக்கிறா" என்று அப்பாவிடம் முறையிட்டேன். "பிடிக்கட்டும், விடு" என்றார் அப்பா. அவரும் அம்மாவின் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று அவரோடும் கோபித்துக்கொண்டேன்.

இரண்டு கிழமையாக நான் பட்ட பாடு அம்மாவுக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். அந்த மூன்று மாதமும் அடுத்த அறையில் படுத்தபடி, தம்பி என் மடியில் பால் குடிக்கும் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.