நடக்கும் முன்பே சொன்ன சாட்சி

சகோதர சகோதரிகளே, இங்கே எழுந்து நிற்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதே சபையில், இதே காரியத்துக்காக, அது நடக்கும் முன்பே ஒருமுறை சாட்சி சொன்னவன் நான். அந்தச் சாட்சிதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

2006-ல் இங்கே ஹைதராபாத் மாதாப்பூரில் பார்த்த சாஃப்ட்வேர் வேலையை விட்டேன். சிவில் சர்வீஸ் எழுதிக் கலெக்டராக வேண்டும் என்று ஆசை. பாளையங்கோட்டையிலிருந்து அப்பா, "ஏல, கிறுக்கு பிடிச்சிட்டால ஒனக்கு?" என்று போனில் கத்தினார். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மனைவி ஜெபா மட்டும், "படிங்க, பாத்துக்கலாம்" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் எழுந்து, "ஆண்டவர் எனக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டார், விசுவாசத்தோடு முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொல்கிறேன்" என்றேன். எல்லாரும் கைதட்டினீர்கள். விசுவாசமாவது, மண்ணாவது! எனக்கு ஒரே பயம். சத்தமாகச் சொன்னால் பயம் போய்விடும் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் "கலெக்டர் தம்பி" ஆனேன். முதல்நிலைத் தேர்வில் தேறுவேன், மெயின்ஸில் விழுவேன். இரண்டு முறை இப்படியே ஆயிற்று. தோற்றேன் என்று சொன்னால் ஆண்டவரைப் பொய்யராக்கியது போல ஆகிவிடுமே? "ரிசல்ட் லேட்டாகுது" என்று புளுகினேன். ஆலயத்துக்குள் நின்றுகொண்டு புளுகினேன். நாற்பது வருடமாக ஹைதராபாத்தில் இருக்கும் நம் டெய்சி ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்து, "அரே தம்பி, கைக்கு டென்ஷன், எதுக்கு டென்ஷன்? ஆண்டவர் குடுத்துட்டார்னு நீயேதானே சொன்ன?" என்பார். சிரித்துச் சமாளிப்பேன். வேலைக்கும் திரும்ப முடியாது, தேர்வையும் விட முடியாது, சபைக்கு வராமலும் இருக்க முடியாது. பொறியில் அகப்பட்ட எலிதான் நான்.

அதனால் நோட்ஸ் சேர்த்தேன். இங்கே பயிற்சி மையங்கள் நிறைந்த அசோக் நகரின் ஜெராக்ஸ் கடைகளில் எந்தப் பயிற்சி மையத்தின் நோட்ஸ் வந்தாலும் வாங்கினேன். கட்டிலுக்கு அடியில், பீரோவின் மேலே, எங்கும் நோட்ஸ். நாள் முழுக்க வாசித்து, கலர் கலராகக் கோடு போட்டேன். ஆனால் மூன்று வருடத்தில் கடிகாரத்தை வைத்து ஒரு விடைகூட எழுதிப் பார்த்ததில்லை. எழுதினால் எனக்கு வராது என்பது தெரிந்துவிடுமே!

2009-ல் மூன்றாம் முறை. வயது வரம்பின்படி அதுவே கடைசி. மெயின்ஸுக்குச் சில மாதங்களே இருந்தன. ஒரு சனிக்கிழமை மதியம் நோட்ஸுக்கு நடுவில் முழங்கால்போட்டு அழுதேன். "ஆண்டவரே, என்னால முடியல. எனக்குப் பயமாயிருக்கு. இதிலிருந்து என்னை வெளியே எடுங்க." அதுவரை ஸ்தோத்திரம் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். முடியவில்லை என்று அவரிடம் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் ஜெபா ஷிஃப்ட் முடிந்து வந்தாள். கம்பெனியில் மருந்து தயாரிக்கும் பதிவேடுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. நோட்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதுனது எங்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் தலைக்குள்ள இருக்கு."

"எங்க கம்பெனில இப்படிச் சொன்னா மொத்த மருந்தையும் கொட்டிருவாங்க. எழுதலன்னா செய்யலன்னுதான் அர்த்தம்."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஒரு கேள்விக்கு எழுதிக் காட்டுங்க, பாப்போம்."

அலாரத்தை வைத்தாள். அரைமணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. வாசித்தவள், "ஏன்னு கேட்டிருக்கான். நீங்க என்னன்னு எழுதியிருக்கீங்க" என்றாள். நான் உடைந்துபோனேன். ஞாயிறும் அவளுக்குப் பெரும்பாலும் ஷிஃப்ட் இருந்ததால், சபையில் நான் சொன்ன பொய்கள் அவளுக்குத் தெரியாது; எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கோபத்தில் முகம் சிவந்து, "மொதல்ல சபைல உண்மையச் சொல்லுங்க. பொறவு எழுதுவோம்" என்றாள்.

மறுநாளே இதே இடத்தில் நின்று சொன்னேன். இரண்டு தடவை தோற்றேன், உங்களிடம் பொய் சொன்னேன், பயத்தை மறைக்கத்தான் அன்றைக்குச் சாட்சி சொன்னேன் என்றேன். டெய்சி ஆன்ட்டி அழுதுகொண்டே எழுந்தார்.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிட்ட! நீ ஜெயிச்சாச்சுன்னு சொன்னதால, மூணு வருசமா எங்க ஜெபத்துல உன் பேரே இல்லையே!"

அந்தச் சொல் என்னைக் குத்தியது. இத்தனை பேர் நடுவில் தனியாகக் கிடந்திருக்கிறேன்.

அன்று நீங்கள் எல்லாரும் எனக்காக ஜெபித்தீர்கள். பழைய பேப்பர்க்காரரிடம் நோட்ஸில் பாதிக்கு மேல் போட்டேன். தினமும் அலாரம் வைத்து நான்கு விடைகள் எழுதினேன். கேட்டதற்குப் பதில் இருக்கிறதா என்று மட்டும் ஜெபா பார்ப்பாள், இல்லையென்றால் விடையைக் கோடு போட்டு அடித்துவிடுவாள். திரும்ப எழுதுவேன். மெயின்ஸ் தேறினேன். நேர்முகத் தேர்விலும் கர்த்தர் கைவிடவில்லை. கலெக்டராகவில்லை, தபால் துறையில் அதிகாரியாக இருக்கிறேன். அவருக்கே ஸ்தோத்திரம். இப்போது எனக்கு யாரிடமும் ஒளிக்க ஒன்றும் இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இந்தச் சபையில் மெயின்ஸ் எழுதப்போகிற பிள்ளைகள் மூன்று பேர் உண்டு. படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் சிரித்துச் சமாளிக்கிறீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். பயமாயிருக்கிறது என்று வந்து சொல்லுங்கள். உங்கள் பேரைச் சொல்லி நாங்கள் ஜெபிக்க வேண்டும்.