மலையில் ஒரு சிவப்புக் குடை

என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவர். கடையில் ஒரு ஸ்டூல், பின்னால் வெள்ளைத் துணி, ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. ஊரில் பாதி ஆம்பளைகள் அந்த ஒரே கோட்டைப் போட்டுத்தான் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். மரு, தழும்பு, முந்தின நாள் சண்டையில் வாங்கிய வீக்கம், எதுவானாலும் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷத்தில் துடைத்துவிடுவார்.

வாரமெல்லாம் மூஞ்சிகளையே பார்ப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை மலை வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கிற மலையில் ஏறி, மனுஷ வாடையே இல்லாமல் படம் எடுக்க வேண்டும். அதில் ஒன்றாவது காலண்டரில் வர வேண்டும். வேறு ஆசையே கிடையாது மனிதருக்கு. அச்சகத்துக்காரர் வருஷா வருஷம் "பார்க்கலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இவர் அடுத்த வருஷம் முழுக்க ஏறுவார்.

துணைக்கு நான். ஃபிளாஸ்க், தண்ணீர், கேமரா ஸ்டாண்டு எல்லாம் என் தலையில். மேலே போனதும் எனக்குக் கிடைக்கும் மரியாதை ஒன்றுதான்.

"தள்ளி நில்லு. படத்துல வர்ற."

வந்தால் என்ன, மலை கரைந்துவிடுமா? கேட்டும் இருக்கிறேன். காது கேட்காத மாதிரி மேகத்தைப் பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அவர் எடுத்தது ஒரு அடையாள அட்டைக்கு. அதிலும் "சிரிக்காத" என்றார்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு ஞாயிறு. "இன்னும் தள்ளு, இன்னும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! கையிலிருந்த சிவப்புக் குடையை விரித்துக்கொண்டு விறுவிறுவென்று எதிர்ச் சரிவில் ஏறினேன். தூரத்தில் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, சரிவு முழுக்க வெயில் இறங்கியிருக்கிறது. இவர் எடுத்துவிட்டார்.

படத்தைப் பார்த்த அச்சகத்துக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "காலண்டர் அட்டைக்கே இதான்! நடுவுல இந்தச் சிவப்புப் புள்ளியை மட்டும் எடுத்துடுங்க."

புள்ளி நான்தான். குடையோடு.

கடைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு உள்ளே எரிந்தது. ஆனாலும் அவருடைய ஆசை எனக்குத் தெரியாதா?

"எடுத்துத் தொலைங்களேன். ஊரான் மருவெல்லாம் எடுக்கிறீங்க, இதுக்கென்ன?"

"எடுத்துப் பார்த்தேன்" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். நான் இல்லாத சரிவு பளிச்சென்று இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல. மலை சின்னதாப் போச்சு." ஒரு பொத்தானைத் தட்டினார். பாறைமேல் நான் திரும்பி வந்தேன். "நீ இருந்தாத்தான் அது எவ்வளவு பெருசுன்னு தெரியுது."

இது பாராட்டா, என்னைப் பொடிசு என்கிறாரா என்று நான் யோசிப்பதற்குள் அச்சகத்துக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட்டார். காலண்டர் வேறு யாரோ எடுத்த அருவியோடு வந்தது. எங்கள் கடையிலும் அதுதான் தொங்குகிறது. சும்மா கொடுத்தார்கள்.

அச்சகத்துக்குப் போன் போட்ட அடுத்த ஞாயிறே, மேலே போனதும் நானாகவே நகர்ந்தேன்.

"எங்க போற? அங்கேயே நில்லு" என்றார், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேகம் விலக வெகுநேரம் ஆனது. கால் கடுத்தது. குடையை விரித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.