முதலாளியம்மா பயப்பட வேண்டும்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் எல்லோரும் டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை. கல்யாண வீடியோ எடுப்பார். எடுத்ததை எங்கள் முன்னறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பார். "என்ன டைரக்டரே, படம் எப்போ?" என்று மளிகைக்காரர் கேட்கும்போது அதிலிருக்கிற நக்கல் தெரு முழுக்கக் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது. "பேசிட்டு இருக்கோம்" என்று பொறுப்பாகப் பதில் சொல்லிவிட்டு நடப்பார். கூட நடக்கிற எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

அவர் எடுக்க ஆசைப்பட்டது பேய்ப்படம். ஏன் பேய் என்று கேட்டால், "காதல் படம்னா ரெண்டு அழகான ஆளுங்க வேணும். பேய்ப்படத்துக்கு ஒரு கதவு போதும்" என்பார். இதைக் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நானும் தலையை ஆட்டி வைத்தேன்.

அந்த ஆசைக்கு உயிர் கொடுத்தவர் சோபா கடைக்காரர். கடைவீதியிலேயே பெரிய கடை அவருடையது. அவர் மகள் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர்தான் வீடியோ எடுத்தார். அதில் தன் வழுக்கை ஓர் இடத்திலும் பளபளக்கவில்லை என்பதைக் கவனித்து மனிதர் உருகிப்போய்விட்டார். ஒரு படம் எடுத்துப் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் உள்ளுக்குள் நெடுநாள் அரிப்பு. கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு நிபந்தனை போட்டார்.

"டைரக்டரே, எனக்கு சினிமா பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஆனா என் சம்சாரத்தத் தெரியும். அவ எதுக்கும் பயப்பட மாட்டா. வீட்டுக்குத் திருடன் வந்தப்ப, அவன உக்கார வெச்சு, ஏண்டா தம்பி படிக்கலன்னு கேட்டுக் கேட்டே அழ வெச்சு அனுப்பினவ. நீங்க சின்னதா ஒரு சாம்பிள் எடுத்துட்டு வாங்க. அதப் பாத்து அவ ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கத்திட்டான்னா படம் நம்மது. கத்தலன்னா இந்தப் பேச்சையே விட்டுருவோம்."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. இது வரலன்னா இனிமே சினிமான்னு வாயத் திறக்க மாட்டேன்" என்றார். சாதாரணமாக அவர் சபதமெல்லாம் போடுகிற ஆள் இல்லை.

அன்றிலிருந்து ஆராய்ச்சி. மேசையில் இரண்டு திரை. இடது பக்கம் யாருடைய கல்யாணமோ ஓடும். வலது பக்கம் உலகத்தில் உள்ள பேயெல்லாம் வரிசையாக வந்து போகும். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்ததில் ஒருநாள் கை தவறி, மாப்பிள்ளையின் பெரியம்மா மண்டபத்துக்குள் நுழைகிற இடத்தில் பேய் வருகிற சத்தம் போய் உட்கார்ந்துவிட்டது. கவனிக்காமல் கொடுத்தும் விட்டார். சண்டைக்கு வருவார்கள் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். பெண் வீட்டுக்காரர்கள் அந்த ஓர் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பிரதி வேண்டும் என்று கேட்டார்கள்.

அடுத்தது எங்கள் மேல் சோதனை. கதவுக்குப் பின்னால், பீரோவுக்குப் பக்கத்தில், துணி காயப்போடுகிற இடத்தில் என்று எங்கே திரும்பினாலும் அவர் நிற்பார். முதல் வாரம் எங்கள் மகள் அலறினாள். அப்புறம் பழகிவிட்டது. "அப்பா, கால் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவாள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவர் அங்கேயே தூங்கிப்போய், குறட்டைச் சத்தத்தை வைத்து நாங்கள் கண்டுபிடித்ததும் உண்டு. அன்றைக்கு வீடு கூட்ட வந்த எனக்கு அதில் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பிறகு என் வேலை இடத்துக்கே வந்தார். நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். சின்ன அறை, ஒரு நாற்காலி, வெளியே ஒரு நீள பெஞ்சு. காலையில் வெறும் வயிற்றோடு வந்து சிடுசிடுவென்று உட்கார்ந்திருப்பார்கள். "பயந்த மூஞ்சி பாக்கணும். நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்துக்கறேன்" என்று கெஞ்சினார். சரி என்று விட்டேன். அறைக்குள்ளேயும் தெரிகிற மாதிரி பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாக உற்று உற்றுப் பார்த்தார். இந்த ஆள் எதற்கு நம்மை இப்படிப் பார்க்கிறான், நமக்கு என்ன வியாதி என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது போல என்று ஒரு பெரியவர் கலங்கிப்போய், ரத்தம் கொடுக்காமலேயே எழுந்து போய்விட்டார். எங்கள் மேனேஜர் வந்து இவரை மரியாதையாக வாசல் வரை கொண்டுபோய் விட்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"ஊசி குத்தும்போது யாருமே பயப்படல, கவனிச்சியா? பெஞ்சுல உக்காந்திருக்கும்போதுதான் பயப்படறாங்க. பேய் வந்தா பயம் போயிடும். வரப்போகுதுன்னு உக்காந்திருக்கணும். அதுதான் சூட்சுமம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கேட்கும்போது எனக்கே மனிதர் ஜெயித்துவிடுவார் என்று தோன்றியது.

சாம்பிளை எங்கள் வீட்டிலேயே எடுத்தார். கதை ஒன்றும் பெரிதில்லை. ஓர் அறை, மூடிய கதவு, உள்ளே யாரோ நடக்கிற சத்தம். வெளியே ஒரு பெண் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறக்கும், பேய் நிற்கும். உட்கார்ந்திருக்கிற பெண் நான். பேய் என் நாத்தனார். அவள் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். அங்கேதான் முதல் ஓட்டை விழுந்தது.

"அண்ணே, நாலு பேரு பாக்கப் போற படம். புருவத்த இப்படிக் காடு மாதிரி விட்டா என் பார்லருக்கு எவ வருவா?"

"நீ பேய்ம்மா."

"பேய்னா? அது என்ன குளிக்காதா? அண்ணி, நீங்களே சொல்லுங்க."

அண்ணன் தங்கைக்கு நடுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்தா? அவள் புருவத்தைத் திருத்திக்கொண்டுதான் வந்து நின்றாள்.

அதுகூடப் பரவாயில்லை, இருட்டில் தெரியாது. இரண்டாவது ஓட்டையைப் போட்டது அவர் கைதான். வெட்டி ஒட்டிய சாம்பிளைக் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை மெருகேற்ற உட்கார்ந்தார். இத்தனை வருஷமாகக் கல்யாணப் பெண்களுக்குச் செய்து செய்து பழகிய கை. முகத்தில் பருவைப் பார்த்தால் அழிக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையத்தைப் பார்த்தால் வெளுக்கும். கூந்தல் பறந்தால் அந்த இடத்தை மெதுவாக ஓட விடும். இருட்டாக இருந்தால் பொன்னிற வெளிச்சம் ஏற்றும். என் நாத்தனாருக்கு நாங்கள் அரும்பாடுபட்டு வரைந்த கருவளையத்தையும் அந்தக் கை அழித்துவிட்டது. அவருக்கே தெரியாது. முடித்துவிட்டுத் திருப்தியாகச் சோம்பல் முறித்தார்.

கடை விடுமுறை நாள், மத்தியானம். சோபா கடைக்குள்ளேயே திரையிடல். பிளாஸ்டிக் உறை போட்ட சோபாக்களில் நாங்கள் உட்கார்ந்தோம். யாராவது அசைந்தால் உறை கிறீச்சிடும். நடுவில் கடைக்காரரின் சம்சாரம், முதலாளியம்மா. எதிரே சுவர் அகலத்துக்கு டிவி. அதற்குக் கீழே என் வீட்டுக்காரர் ஒரு கேமராவை வைத்திருந்தார், எங்கள் பக்கம் பார்த்த மாதிரி. யார் எந்த இடத்தில் பயப்படுகிறார்கள் என்று பிறகு பார்த்து ஆராயப் போகிறாராம். விளக்கை அணைத்துவிட்டு எங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

படம் ஓடியது. கதவு மூடியே இருந்தது. முதலாளியம்மா ஒரு கொட்டாவி விட்டார். உள்ளே நடக்கிற சத்தம் வந்தது. அவர் சோபாவின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கதவு திறந்தது. பொன்னிற வெளிச்சத்தில், கூந்தல் மெல்லப் பறக்க, மாசு மருவில்லாத முகத்தோடு என் நாத்தனார் நின்றாள்.

"அடடா! யாரு இந்தப் பொண்ணு? மூஞ்சி என்னமா மின்னுது! எந்தப் பார்லர்?" என்றார் முதலாளியம்மா.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேய் வெட்கப்பட்டுக்கொண்டே பார்லர் முகவரியைச் சொன்னது.

விளக்கைப் போட்டார்கள். சோபா கடைக்காரர் நல்ல மனிதர், சிரிப்பை அடக்கிக்கொண்டார். வந்ததற்கு ஏதாவது பார்ப்போமே என்று, "அந்தக் கேமராவுல நாங்கல்லாம் இருக்கோம்ல, அதப் போடுங்க" என்றார். தன் வழுக்கை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கத்தான். என் வீட்டுக்காரர் போட்டுவிட்டு ஓரமாக நின்றார்.

டிவி வெளிச்சத்தில் எங்கள் எல்லோருடைய முகமும் தெரிந்தது. கொட்டாவி விடுகிற முதலாளியம்மா, தலையைத் தடவுகிற கடைக்காரர், தன்னையே ரசிக்கிற நாத்தனார். எங்கள் தலைகளுக்குப் பின்னால், இருட்டில், ஒரு முகம் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. முதலாளியம்மாவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கொட்டாவி விட்டபோது அந்த முகத்தில் உதடு ஆடியது. விலைச்சீட்டைத் திருப்பியபோது கண் பெரிதானது. மூச்சு விடுகிற மாதிரியே தெரியவில்லை. அந்த முகம் இன்னும் கொஞ்சம் குனிந்து, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"ஐயோ!" என்று முதலாளியம்மா கத்தினார். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பித் தன் முதுகுப் பக்கம் பார்த்தார். "யாருங்க அது? நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"கத்திட்டா! கத்திட்டா!" என்று கடைக்காரர் சோபாவில் குதித்தார். "டைரக்டரே, ஜெயிச்சுட்டீங்க! படம் நம்மது!"

என் வீட்டுக்காரர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பிடித்த கையை விடாமலேயே மேலே சொன்னார்.

"ஆனா ஒண்ணு. உங்க பேய எங்க வீட்டம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சு. அது ஆகாது. படத்த நம்ம கடைக்கு விளம்பரம் எடுத்தாரே, அந்தத் தம்பி எடுக்கட்டும். நீங்க நடிங்க. சும்மா பின்னாடி நின்னு அப்படியே பாருங்க, போதும். அந்த மூஞ்சிக்கே ஜனம் அலறும்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். ரொம்ப மரியாதையாக ஆட்டினார். எனக்குத்தான் அந்தச் சோபாவைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

அடுத்த வாரம் அதே கடையில் ஒத்திகை. விளம்பரக்காரர் இவரை ஒரு திரைச்சீலைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "சார், அன்னிக்குப் பாத்தீங்களே, அதே மாதிரி" என்றார். இவர் பார்த்தார். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா நிற்பாரே, அப்படி இருந்தது. விளக்கை மாற்றினார்கள், கீழேயிருந்து அடித்தார்கள், முகத்தில் சாம்பலைப் பூசினார்கள். மனிதர் சாந்தமாகவே நின்றார். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம், அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தார். சாயங்காலம் வரை முயன்றுவிட்டு விளம்பரக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அத்தோடு படம் நின்றது. கடைக்காரர் ஆசையை மாற்றிக்கொண்டு எதிர்ச்சாரியில் கட்டில் கடை திறந்தார்.

"ஏங்க, உங்களுக்கு ஏன் வரல?" என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

"இனிமே என்ன வரப்போகுதுன்னு பயப்படறது? எல்லாம்தான் ஆயிடுச்சே" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் நேரத்துக்குச் சாப்பிட்டார், படுத்ததும் தூங்கினார். வலது பக்கத் திரையைக் கழற்றி மகளுக்குக் கொடுத்துவிட்டார். "படம் எப்போ?" என்று கேட்ட மளிகைக்காரரிடம், "அதெல்லாம் இல்லைங்க" என்றார். மளிகைக்காரருக்கு அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல், கேட்காத பொருளையெல்லாம் எடுத்துப் பையில் போட்டார். வீட்டில் இப்போதுதான் நிம்மதி என்று நாத்தனார் சொன்னாள். கல்யாணப் பெண்களின் பருக்களை அழித்துக்கொண்டிருக்கும் அந்த முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்ப்பேன். அதில் எதுவுமே இல்லை. துடைத்து வைத்த மேசை மாதிரி இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றும் கட்டிலுக்கு அடியில் கிடந்தும் என்னைப் பயமுறுத்த முடியாத மனிதர், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து என்னைப் பயமுறுத்தினார். பயம் என்றால் நிஜமான பயம், சோறு இறங்கவில்லை.

ஒரு விடுமுறைக் காலையில் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு பேய்க்கதை சொல்லுங்க" என்றேன்.

"அதான் முடிஞ்சு போச்சே. இப்ப எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க. கையிதானே வேலை செய்யுது, காது சும்மாதானே இருக்கு."

போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி வேண்டா வெறுப்பாக ஆரம்பித்தார். ஒரு வீடு. அதில் அப்பா, அம்மா, ஒரு பெண் குழந்தை. தினமும் சாப்பிட உட்காரும்போது அம்மா நான்கு தட்டு வைப்பாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒருநாள் அவள் மூன்று தட்டு மட்டும் வைக்கிறாள். அப்பாவும் குழந்தையும் வந்து உட்கார்கிறார்கள். அம்மாவும் உட்காரப் போகிறாள். அவளுடைய தட்டுக்கு முன்னால் இடம் காலியாக இல்லை.

பட்டப்பகலில் என் முழங்கையிலிருந்து தோள் வரை மயிர் குத்திட்டு நின்றது. புடவையை இழுத்துக் கையை மூடிக்கொண்டேன். பிறகு வாயை நன்றாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டேன்.

போர்வை அவர் கையில் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். உதடு லேசாக ஆடியது, கண் பெரிதானது. மூச்சு விடுகிற மாதிரியே தெரியவில்லை.

"நல்லா இல்லையா?" என்று கேட்டார்.

"மேல சொல்லுங்க, பாப்போம்" என்றேன்.